கண்ணாடிக்குள் ஒரு புவனம்

ஓர் உயிரை அது பிறந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, அது பிழைத்திருப்பதற்குரிய நீர், வெப்பம், ஒளி, உணவு அனைத்தையும் ஒருவர் தம் கையால் அளந்து கொடுத்துப் பேணுவாரானால், அந்தப் பேணுதலை அறம் என்று கொள்ளலாமா, அல்லது முதலில் பெயர்த்தெடுத்த செயலின் குற்றம் அதன்மேல் எப்போதும் படிந்தே இருக்குமா என்பது சமயவியலார் ஆராயத்தக்க கேள்வியாகும். கூண்டுக்கிளியை வைத்தும் கோயில் யானையை வைத்தும் இக்கேள்வி எழுப்பப்பட்டதுண்டு. ஆயினும் வீட்டுக் கூடத்தில் அமைக்கப்படும் பவளப்பாறைத் தொட்டியை வைத்து எழுப்பும்போது அது மேலும் ஆழமாகிறது. கிளி வளர்ப்பவர் ஓர் உயிரை அடைத்துவைக்கிறார் என்றால், பவளத் தொட்டி அமைப்பவரோ நீர், கல், நுண்ணுயிர், பாசி, மீன், பகல், இரவு, அலை என ஓர் உலகத்தையே உண்டாக்கி அதற்குப் பொறுப்பேற்கிறார்.

இதை ஆராய்வதற்குச் சேர்வராயன் மலையைப்போல் பொருத்தமான இடம் வேறொன்று தமிழகத்தில் இருப்பது அரிது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. அதற்கும் மேலே, 1,600 மீட்டரைக் கடந்த சேர்வராயன் உச்சியில், குனிந்து நுழையவேண்டிய தாழ்ந்த குகையொன்றில் சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே வழிபடப்படுகின்றனர். அக்குகை காவிரியாற்றோடு தொடர்புடையது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மே மாதத்துத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடியினர் ஊர் ஊராகத் திரண்டுவந்து கும்பிடும் அந்த இடத்தில், சமவெளியில் ஓடும் ஆறு மலையுச்சியில் தெய்வமாக இருக்கிறது. அந்த ஆற்றிலிருந்து ஒரு குடம் நீரையும் எவரும் அங்கே அடைத்துவைக்கவில்லை. தொலைவிலுள்ள நீரை மலைமேல் இருத்திப் போற்றுவதற்கு இம்மலை கண்ட வழி அது. கடற்கரைக்குச் சாலைவழி இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் இதே மலையில், ஒரு பங்களாவின் கூடத்தில் ஆயிரம் லிட்டர் கடலை நிறுத்திவைப்பது என்பது முற்றிலும் வேறான வழி. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்ட மீன் காட்சியகம், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி 1890-இல் எழுதியவரும் அவரே. சேர்வராயன் மலையாளிகளின் வழக்காறுகளைப் பதிவுசெய்த, தென்னிந்தியக் குலங்கள் பற்றிய அவருடைய பெருந்தொகுதி வெளிவந்ததும் அதே 1909-இல்தான். ஆனால் மெரினாவின் காட்சியகம் கடலுக்கு எதிரிலேயே நின்றது. அரசின் பொறுப்பில் இருந்தது. தனியொருவர் வீட்டில், மலைமேல், என்று வரும்போது பொறுப்பின் கனம் வேறாகிவிடுகிறது.

அந்தக் கனத்தை உணர, தொட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓரளவு அறிந்துகொள்வது அவசியம். ஆயிரம் லிட்டர் தொட்டி, கண்ணாடியும் கல்லும் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. பழைய மரத்தளங்கள் அதைத் தாங்கா. முதலில் ஆர்.ஓ. முறையில் கரைபொருள் பெரும்பாலும் நீக்கப்பட்ட நீரில், லிட்டருக்கு 35 கிராம் உவர்ப்பு வரும்வரை கடலுப்புக் கலவை கரைக்கப்படுகிறது. இதற்கு 35 கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு தேவை. பிறகு மீனையோ பவளத்தையோ விடாமல் காத்திருக்க வேண்டும். கழிவிலிருந்து எழும் அம்மோனியா உயிர்களைக் கொல்லும் நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இக்குடிகள் கல்லிலும் மணலிலும் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நுண்ணுயிர் குடியேறாத நீரில் மீன் வாழாது என்பதை அறியாதவர்கள் முதல் வாரத்திலேயே மீன் வாங்கிவந்து விடுகின்றனர், அவை சாகின்றன. தொட்டி அமைப்பவர் பிறப்பிக்கும் முதல் உயிர்கள் அவர் ஒருநாளும் காணப்போவதில்லாத இந்த நுண்ணுயிர்களே.

அதன்பின் தொடங்குவது ஓயாத பராமரிப்பு. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறையும் அளவுக்கு நன்னீரை மட்டும் நாள்தோறும் சேர்க்க வேண்டும், தவறினால் உவர்ப்பு ஏறும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட நீரிலுள்ள கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும் அதற்கேற்ற காரத்தன்மையும் மெக்னீசியமும் குன்றாமல் அளந்து ஊற்றப்பட வேண்டும். தொட்டிக்குக் கீழே மறைவாக இருக்கும் சம்ப் என்னும் துணைத்தொட்டியில், புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி நுண்காற்றுக் குமிழிகளை எழுப்பி, கரைந்திருக்கும் கழிவை நுரையாக்கிக் குவளைக்குள் தள்ளுகிறது. மேலே நீலமும் செம்மஞ்சளுமாக ஒளிரும் உலகத்தின் அழுக்கு, கீழே கரும்பழுப்பு நிறத்தில், மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் நாற்றத்தோடு அக்குவளையில் திரண்டு நிற்கிறது. அதை வாரத்துக்கு இருமுறையாவது கையால் கழுவி ஊற்ற மனமில்லாதவர்க்கு இத்தொழில் ஆகாது.

மலையின் உயரம் தன் பங்குக்குச் சில சுமைகளை ஏற்றுகிறது. சென்னையில் தொட்டி வைத்திருப்பவர் வெயிலுக்கு அஞ்சிச் சில்லர் வாங்குகிறார். ஏற்காட்டிலோ குளிர்கால இரவுகள் 13 டிகிரி அளவுக்குத் தணிவதால், நீரை 25 டிகிரியை ஒட்டி நிறுத்த ஹீட்டர் இடைவிடாது இயங்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை: காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்த இவ்வுயரத்தில், நீரில் கரையக்கூடிய உயிர்க்காற்றும் அதே அளவு குறைகிறது. கடலைத் தன் இல்லமாகக் கொண்ட உயிர், மேகத்துக்குள் மூச்சுவிட வைக்கப்படுகிறது. பருவமழைக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், பம்பு நின்ற சில மணி நேரத்திலேயே மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேட்டரியோ ஜெனரேட்டரோ இல்லாத வீட்டில் ஓர் இரவு போதும், ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது அனைத்தும் அழியும்.

இனி, இவ்வாறு காக்கப்படும் பவளம் எத்தகைய உயிர் என்பதைப் பார்க்க வேண்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது: புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர், நத்தையினம் சுவையும் சேர்ந்த ஈரறிவுயிர், எறும்பும் கறையானும் மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நான்கறிவுயிர், விலங்கு ஐயறிவுடையது, மனம் என்னும் ஆறாவது உடையவர் மக்கள். சமணர்களின் உத்தராத்தியயன சூத்திரம், மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்களின் பட்டியலில் பவளத்தையும் வைக்கிறது. அதாவது கல்லுக்கும் உயிர் உண்டு என்று கொண்டு, அதை ஊறுசெய்தலும் வினை என்கிறது. பொது வழக்கிலோ பவளம் நவமணிகளுள் ஒன்று. மாலையாகவும் மோதிரமாகவும் அணியப்படும் அச்செம்பவளம் பெரிதும் மத்தியதரைக் கடலினது, பாறை கட்டும் பவளங்களிலிருந்து வேறுபட்டது.

இம்மூன்றில் எதற்குள்ளும் முழுமையாக அடங்காத உயிர் பாறைப்பவளம். பாலிப் எனப்படும், ஊசிமுனையளவிலிருந்து விரல்நுனியளவு வரையிலான ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் ஒட்டிப்பிறந்து ஒரே மேனியாக வாழ்வதே ஒரு பவளக் கூட்டம். ஒவ்வொன்றும் வாயும் அதைச் சுற்றி விரல்போன்ற உணர்கொம்புகளும் உடைய விலங்கு. தன் தசைக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசியைக் குடிவைத்து, அது ஒளியிலிருந்து ஆக்கும் உணவில் பெரும்பங்கை வாங்கி வாழ்வதால் பாதிச் செடி. தன் காலடியில் சுண்ணாம்பைப் படியவிட்டு மலையெழுப்புவதால் பாதிக் கல். பகலில் கல்லாகக் கிடப்பது, விளக்கணைந்து ஒருமணி நேரம் கழித்து மெல்லிய கைவிளக்கொளியில் பார்த்தால், மேனி முழுவதும் கண்ணாடிபோன்ற விரல்களை நீட்டி நீரைத் துழாவிக்கொண்டிருக்கும். இறால் குஞ்சு ஒன்று பட்டதும் அவ்விரல்கள் சுருங்கி அதை வாய்க்குக் கொண்டுசெல்லும். உயிரை ஓரறிவு, ஈரறிவு எனத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப அருளையும் அளந்துவிடலாம் என்று எண்ணுபவர் இக்காட்சியின் முன் சற்றே நிற்க வேண்டும். இங்கே விலங்கு, செடி, கல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறும், பவளம் வெளிறும், மீளாவிட்டால் பட்டினியால் மடியும்.

இத்தகைய உலகத்தை ஆக்கிக் காப்பவர் என்ன தொழிலைச் செய்கிறார்? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனுக்குரியனவாகச் சைவ சித்தாந்தம் கூறும் ஐந்தொழிலுள் முதலிரண்டின் சாயல் இதில் உண்டு என்பதை மறுக்கவியலாது. விளக்கை ஏற்றிப் பகலாக்குகிறார், அணைத்து இரவாக்குகிறார். அலையெழுப்பும் கருவியால் ஓதத்தை உண்டாக்குகிறார். எது வாழ வேண்டும், எது அகற்றப்பட வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். இங்கேதான் சித்தாந்தம் ஓர் அளவுகோலைத் தருகிறது. இறைவன் ஐந்தொழில் செய்வது ஏன் என்று கேட்டு, அது அவனுடைய விளையாட்டு என்று கூறுவாரும் உளர் என்பதைச் சுட்டி, உயிர்களைத் துன்பக் கடலிலிருந்து எடுத்தலே அதன் காரணம் என்று 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்குகிறார். அழித்தல் உயிர்க்கு இளைப்பாற்றல், காத்தல் உயிர் தன் வினைப்பயனை நுகரச் செய்தல் என ஒவ்வொரு தொழிலும் உயிரின் பொருட்டே அமைகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்று சித்தாந்திகள் கூறும் நான்கும், அதாவது உடலும், உட்புறக் கருவிகளும், வாழும் உலகும், அங்கே நுகரப்படும் பொருளும், உயிருக்காகத் தரப்பட்டவை. தந்தவனுக்கு அவற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இந்த அளவுகோலைத் தொட்டியின் அருகே வைத்தால் கேள்வி தெளிவாகிறது: கண்ணாடிக்குள் ஆக்கப்பட்ட புவனம் யாருடைய போகத்துக்கு? தொட்டியிலுள்ள உயிர்களின் நலத்துக்காகவே அது அமைக்கப்பட்டது என்று எவரும் சொல்ல முடியாது; கடலில் அவை இதைவிட நன்றாகவே இருந்தன. பார்ப்பவரின் கண்ணுக்காகவே அது அமைந்தது. பின்னர் வரும் பேணல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பேணப்படும் உயிரின் தேவை அதைப் பெயர்த்தெடுத்தபோதுதான் பிறந்தது. தாம் உண்டாக்கிய தேவையைத் தாமே நிறைவேற்றுவதைக் கடன் தீர்த்தல் எனலாம். அருள் என்று அதற்குப் பெயரிட இயலாது. வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது அங்கே தீர்க்கப்பட்டது, அவர் உண்டாக்காத பசி. சீவகாருணியத்துக்கும் நல்ல பராமரிப்புக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும்.

இதற்கு எதிராக வலுவானதொரு வாதம் இதே மலையிலிருந்து எழக்கூடும். ஏற்காட்டின் அழகில் பெரும்பங்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே அறிமுகப்படுத்திய காப்பிச் செடி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதற்கு நிழல் தந்து மிளகுக்கொடியையும் தாங்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இடம் பெயர்த்தல் குற்றமென்றால் இம்மலையின் தோட்டங்கள் அனைத்தும் குற்றமாகிவிடுமே என்று கேட்கலாம். இடம் பெயர்த்தலை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளியாக்குவது பொருந்தாது என்பது உண்மை. ஆயினும் தோட்டக்காரர் ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் காப்பிச் செடி மழையைக் குடித்துக் காய்க்கும். மண் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பவளத்தை மலை ஒருநாளும் ஏற்காது. அதன் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மனிதரின் நினைவிலும் ஒரு மின்கம்பியிலும் தொங்குகிறது.

இம்மலையிலேயே வேறு இரு காப்பு முறைகள் உள்ளன. மலையாளி ஊர்களில் தெய்வத்துக்கென விடப்பட்ட கோயிற்சோலைகளில் மரம் வெட்டுவது விலக்கப்பட்டிருக்கிறது. அங்கே காத்தல் என்பது கையை நீட்டாதிருத்தல். உரமிடுவாரும் நீர் ஊற்றுவாரும் இல்லை. அடங்கியிருப்பதற்கு ஓர் ஊர் முழுவதும் தலைமுறை தலைமுறையாக உடன்பட்டிருக்கிறது. மற்றொன்று, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் 1963-இல் நிறுவிய தேசிய ஆர்க்கிட் பூங்கா. ஆர்க்கிட் செடிகள் காட்டிலிருந்து எடுத்துவரப்பட்டுத் தொட்டியில் வைக்கப்பட்டவையே. நிழல்வலையும் ஈரமும் அளந்து தரப்படுகின்றன. புறத்தோற்றத்தில் இது பவளத் தொட்டியை ஒத்தது. ஆனால் அங்கே எடுத்தது அறிவதற்காகவும், காட்டில் ஓரினம் அழிந்துபட்டால் விதையாவது மிஞ்சவேண்டும் என்பதற்காகவும்தான். எடுத்தவர் ஓய்வுபெற்றாலும் நிறுவனம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. எடுத்தல் இரண்டிலும் உண்டு என்றாலும், எடுத்ததன் பயன் எடுக்கப்பட்ட இனத்துக்கே திரும்பக்கூடிய வழி ஆர்க்கிட் பூங்காவில் திறந்திருக்கிறது.

கடலிலும் அத்தகைய முயற்சி நடந்துவருகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டுச் சிதைந்த பாறைகளை மீட்கும் பணியை 2002 முதல் செய்துவருகிறது. தொட்டியில் பவளத்தை வெட்டி ஒட்டி வளர்ப்பவர் செய்வதும் கைவினையளவில் ஏறத்தாழ அதுவேதான். ஆனால் ஒன்று கடலுக்குத் திரும்புகிறது, மற்றொன்று வேறொரு கூடத்துக்குப் போகிறது. அந்தக் கடலுக்கு இன்று திரும்பக் கொடுக்கவேண்டியது மிகுதி. மீனவர்கள் பார் என்று வழங்கும் அப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததில், தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கின, எஞ்சியவை 21. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் பவளங்கள் வெளிறின. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில் சேர்க்கப்பட்டன. எனவே மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கைப்பிடிப் பவளத்தைப் பெயர்த்து மலைக்கு ஏற்றுபவர், சமயவியல் கேள்வியை எட்டுவதற்கு முன்பே குற்றவாளி; அதில் ஆராய ஒன்றுமில்லை. வாங்குபவர் உள்ளவரை வெட்டுபவர் இருப்பார் என்பதால், எங்கிருந்து வந்தது என்று கேளாமல் கடையில் வாங்குவதும் அதே பழியில் பங்குடையது.

கடல்வாழ் உலகத்தின்மேல் உள்ள காதல் அதனால் இழிந்ததாகிவிடாது. ஒரு பாலிப் விரல் நீட்டுவதைக் காண இரவில் விழித்திருப்பவரின் மனம், வழிபாட்டில் நிற்கும் மனத்துக்கு வெகு தொலைவில் இல்லை. நாள்தோறும் நீரைச் சோதித்து, தம் உறக்கத்தைவிட மீனின் மூச்சைப் பெரிதாக எண்ணும் பழக்கம் ஒருவரை அன்புடையவராக்குவதும் உண்டு. அக்காதலுக்குக் குற்றமில்லாத வழியும் இருக்கிறது. பவளத்துண்டுக்குப் பதிலாகச் செயற்கையாகச் செய்த கல்லை அடுக்கலாம். நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் போன்ற அழகுமீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்திருப்பதால், கடலை ஒருநாளும் அறியாத, தொட்டியிலேயே பிறந்த மீனைப் பெறவும் இடமுண்டு. அத்தகைய மீனிடம் எடுத்த கடன் இல்லை. ஆக்கிய கடன் மட்டுமே உண்டு.

ஆக்கிய கடனும் சிறிதன்று. நன்றாகப் பேணப்பட்ட கோமாளி மீன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பணி ஓய்வுபெற்று அறுபதாம் வயதில் ஏற்காட்டில் வீடுகட்டிக் குடியேறுபவர் அந்த வயதில் தொட்டி ஒன்றை அமைத்தால், அவருடைய எண்பதாம் வயதிலும் ஸ்கிம்மர் குவளை கழுவப்பட வேண்டும், ஹீட்டர் பார்க்கப்பட வேண்டும். ஆகவே கண்ணாடிக்கும் உப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன், தம்மால் இயலாத நாளில் அதை ஏற்றுக்கொள்ளப்போகிறவர் யார் என்பதை அவர் முடிவுசெய்து, அம்மனிதரின் சம்மதத்தையும் கேட்டுப் பெறட்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் தொட்டியை அமைக்க வேண்டாம்.